முதலில் சட்டிக்கு, பிறகு சந்தைக்கு



ஆவணி மாதம் எங்கள் ஊர்களில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கிணற்றில் தண்ணீர் அடிக்கு இறங்கிவிடும். முற்றத்து மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். ஆடுகளுக்குக் குழை வெட்டவே இடம் தேட வேண்டியிருக்கும். இந்த வெய்யிலில் வீட்டுத்தோட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எங்கள் வடபகுதித் தோட்டம் தொடங்க வேண்டியது இந்த வெய்யிலில்தான். மழை விழுந்த பிறகு மண்வெட்டியைத் தேடினால் பிந்திவிட்டோம் என்று அர்த்தம்.

இதை நான் பல்கலைக்கழகத்தில் படித்து அறியவில்லை. ஓர் அக்காவின் தோட்டம் அழிந்ததைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். அந்த அழிவில் எனக்கும் பங்கிருந்தது. அதனால் அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

2018ஆம் ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. சமூகவியல் பட்டம் கையில் இருந்தது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைப் பற்றி நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதியவள் என்ற பெருமையும் மனதில் இருந்தது. கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேசத்தில் வீட்டுத்தோட்டத்தின் மூலம் வாழ்வாதாரத்தை மேம்படுத்தும் திட்டம் ஒன்றை எனது அலுவலகம் தொடங்கியது. இத்தனை கத்தரி, இத்தனை மிளகாய் நட்டால் மாதம் இவ்வளவு வருமானம் என்று அட்டவணை ஒன்று தந்தார்கள். அதை நான் மாதர் சங்கக் கூட்டங்களில் வாசித்துக் காட்டினேன்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் ஓர் அக்கா இருந்தார். 2009இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். எனது அட்டவணையை அவர் நம்பினார். நம்பி, குழுக் கடனாக 60,000 ரூபா எடுத்தார். அந்தப் பணத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டரும் பைப்பும் வேலிக்குக் கம்பியும் வாங்கினார். கால் ஏக்கரையும் ஒரேயடியாகக் கொத்திப் பண்படுத்தினார்.

ஐப்பசியில் வந்திருக்க வேண்டிய விதைப் பைக்கற்றுகள் கார்த்திகை நடுப்பகுதியில், அதாவது டிசம்பர் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தன. கேள்வி கேட்காமல் அவற்றை நான் பங்கிட்டுக் கொடுத்தேன். கையொப்பம் வாங்கினேன், படம் எடுத்தேன். ஊர் ஆச்சி ஒருவர் மட்டும் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது இப்ப போடுற விதையில்லை. மழை நிண்டாப்பிறகு போடுறன்" என்றார். எனது படிவத்தில் அப்படி ஒரு கூடு இருக்கவில்லை. "சரி அம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. விடியும்போது அந்த அக்காவின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளோடு பாடசாலைக் கட்டடத்தில் தங்கினார். திரும்பி வந்தபோது தோட்டம் இருந்த இடத்தில் சேறு மட்டுமே இருந்தது. அப்போதுதான் முளைவிட்ட நாற்றுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

தை மாதம் நான் படிவம் நிரப்பப் போனேன். "தோட்டம் நடப்பட்டதா?" என்பது அதில் ஒரு கேள்வி. அக்கா கோபப்படவில்லை. "எழுதுங்கோ பிள்ளை, நட்டாச்சு எண்டு. நட்டது உண்மைதானே" என்றார். அன்று கடன் தவணை நாள். பணம் சேர்க்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டது. அக்கா எழுந்து வீட்டுக்குள் போனார். அவருடைய காதில் தோடு இல்லாததை அப்போதுதான் கண்டேன்.

ஆச்சியின் தோட்டம்

நான்கு வளவு தள்ளி அந்த ஆச்சியின் காணி. வெள்ளம் அங்கேயும் வந்தது. ஆனால் ஆச்சியின் பாத்திகள் முழங்கால் உயரத்துக்கு மேடாக இருந்தன. பக்கத்தில் வெட்டியிருந்த வாய்க்கால் வழியே தண்ணீர் வடிந்துவிட்டது. ஐப்பசி முதல் மழையோடு நட்ட கத்தரிகள் வேர்விட்டுத் தண்டு முற்றியிருந்தன. இலை உதிர்ந்து வாடினாலும் அவை சாகவில்லை. கூரைத் தாழ்வாரத்தில் பால்மா ரின்களிலும் சிரட்டைகளிலும் இன்னொரு தொகுதி நாற்றுகள் பத்திரமாக நின்றன.

அந்தத் தையில் ஆச்சி 12 கத்தரி நாற்றுகளையும் ஒரு பிடி வெண்டி விதையையும் அக்காவுக்குக் கொடுத்தார். "கால் ஏக்கர் வேண்டாம். கிணத்தடியில, குசினிக்குப் பக்கத்தில, கை எட்டுற இடத்தில வை. முதல் சட்டிக்கு வரட்டும். பிறகு சந்தையைப் பாப்பம்" என்றார்.

சகோதரிகளே, எனது அட்டவணையில் இல்லாதது அந்த ஒரு வசனம்தான். தோட்டத்தால் வரும் முதல் இலாபம் கையில் வரும் காசு அல்ல, கடையில் கொடுக்காமல் மிஞ்சும் காசு. அதற்குக் கடன் தேவையில்லை, மோட்டர் தேவையில்லை. ஆனால் மாதக் கணக்குத் தேவை. ஆச்சியிடமும் அக்காவிடமும் விவசாயப் போதனாசிரியர்களிடமும் நான் கற்ற அந்தக் கணக்கைக் கீழே தருகிறேன்.

ஆவணி: இடமும் மண்ணும்

எமது பகுதிக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே ஆவணியில் மண்ணைத் தயாராக்கி வைத்தால் மழை எங்களுக்கு வேலை செய்யும். வைக்காவிட்டால் எங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

முதலில் இடத்தைப் பாருங்கள். ஒரு நாளில் ஆறு மணித்தியாலமாவது வெய்யில் விழ வேண்டும். போன மாரியில் தண்ணீர் எங்கே நின்றது என்று நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தை விட்டுவிடுங்கள். குசினியில் இருந்து பத்துப் பதினைந்து அடிக்குள் இருந்தால் சோறு வடிக்கும் நேரத்திலும் ஒரு களையைப் பிடுங்கலாம்.

மீள்குடியேறிய காணிகளில், குறிப்பாகப் பற்றை வெட்டிப் புதிதாகத் திறக்கும் மூலைகளில், ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளின் பின்னரும் வெடிக்காத பொருட்கள் மண்ணுக்குள் இருந்து வெளிப்படுகின்றன. அறியாத இரும்புத் துண்டு கண்ணில் பட்டால் தொடாதீர்கள், எறியாதீர்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். புதிதாகத் திறந்த நிலத்தில் குப்பையைக் குவித்து நெருப்பு வைக்கவே கூடாது.

பாத்தியை 3 அடி அகலத்துக்கு அமையுங்கள். இரண்டு பக்கமும் நின்று நடுவுக்குக் கை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டியிராது. நீளம் உங்கள் வசதி. குறைந்தது ஓர் அடி உயரத்துக்கு மண்ணை அணைத்து, பக்கங்களைத் தென்னம் மட்டை, பனை மட்டை, பழைய ஓடு, போத்தல் எதையாவது கொண்டு தாங்குங்கள். வெள்ளம் ஏறும் ஊரானால் இன்னும் உயர்த்துங்கள். பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் விட்டு, அது எங்கே போய் விழும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தது, 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. இனி மாரியென்றால் வெள்ளத்தையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

கூட்டெருவையும் இந்த மாதமே தொடங்குங்கள். நிழலில் ஓர் இடம். அடியில் சுள்ளி, அதன்மேல் காய்ந்த சருகு, அதன்மேல் பச்சைக்குழை, அதன்மேல் மாட்டெரு அல்லது ஆட்டெரு, அதன்மேல் கொஞ்சம் மண். இப்படியே அடுக்கிக்கொண்டு போங்கள். சீமைக்கிளுவை வேலி இருந்தால் பச்சைக்குழைக்குக் குறைவிருக்காது. ஈரமாக வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டு மூன்று மாதங்களில் கறுப்பாகப் பொலபொலவென்று வரும். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டபோது உரக்கடை வாசலில் நிற்காதவர்கள் இந்தக் குவியல் வைத்திருந்தவர்கள்தான்.

புரட்டாதி: நாற்றுமேடை

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றுக்கும் நாற்றுப் போட வேண்டும். நாற்று நடும் பருவத்துக்கு வர நான்கு முதல் ஐந்து கிழமைகள் ஆகும். புரட்டாதி தொடக்கத்தில் விதைத்தால் ஐப்பசி முதல் மழைக்கு நாற்று கையில் இருக்கும். இந்தக் கணக்கைத்தான் நான் 2018இல் அறியாமல் இருந்தேன்.

நாற்றுமேடையை அரை அடி உயர்த்துங்கள். உங்களுக்கு நன்கு பழக்கமான, பல காலம் கொத்திய மண்ணாக இருந்தால் அதன்மேல் வைக்கோலையும் உமியையும் பரப்பி எரித்து விடலாம். மண்ணில் உள்ள நோய்க்கிருமிகள் குறையும். ஆறிய பிறகு கால் அங்குல ஆழத்தில் வரிசையாக விதைத்து, மெல்லிய மண்ணால் மூடி, மேலே வைக்கோல் போடுங்கள். முளை தெரிந்தவுடன் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் கூடினால் நாற்று அடி அழுகிச் சாய்ந்துவிடும். காலையில் பூவாளியால் தெளித்தால் போதும். பூவாளி இல்லாவிட்டால் போத்தல் மூடியில் ஊசியால் துளை போட்டுக்கொள்ளுங்கள்.

மேடை போட இடமில்லாதவர்கள் ஆச்சியைப் போல ரின், சிரட்டை, யோகட் கோப்பை எதிலும் போடலாம். மேல்மண்ணும் கூட்டெருவும் சமபங்கு. அடியில் துளை இருக்க வேண்டும். மழை கொட்டும்போது தூக்கித் தாழ்வாரத்தில் வைக்க முடிவது இதன் பெரிய நன்மை.

விதை வாங்குவதானால் கலப்பினம்தானா என்று கேட்டு வாங்குங்கள். கலப்பின விதை நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் காயில் இருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது, ஒவ்வொரு வருடமும் கடைக்குப் போக வேண்டிவரும். திருநெல்வேலி ஊதாக் கத்தரி, எம்.ஐ. 2 மிளகாய் போன்ற பழகிய இனங்களில் விதையை நாங்களே எடுத்து வைக்கலாம். கமநல சேவை நிலையத்தில் உள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

ஐப்பசி: நடுகை

நடும் குழியைப் பத்து நாட்களுக்கு முன்னரே ஓர் அடி ஆழத்துக்கு வெட்டி, மேல்மண்ணும் கூட்டெருவும் போட்டு மூடி வையுங்கள். நாற்றை மாலையில் நட வேண்டும். கத்தரிக்கு 3 அடிக்கு 2 அடி, மிளகாய்க்கு 2 அடிக்கு ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். வெண்டியும் பயற்றையும் நாற்றுப் போடத் தேவையில்லை. குழிக்கு இரண்டு விதை ஊன்றி, பிறகு நல்லதை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். பயற்றைக்குக் கம்பு ஊன்றுங்கள். பாவலும் புடோலும் வேலியிலோ பந்தலிலோ ஏறட்டும்.

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு எவ்வளவு நடலாம்? அக்கா இப்போது நடும் கணக்கு இதுதான்: 8 கத்தரி, 10 மிளகாய், 8 வெண்டி, 10 பயற்றை, ஒரு பாவல், ஒரு புடோல், ஒரு பூசணி. 3 அடிக்கு 6 அடி முளைக்கீரைப் பாத்தி ஒன்று. கீரையை ஒரேநாளில் முழுவதும் விதைக்க மாட்டார். இரண்டு கிழமைக்கு ஒரு துண்டாக விதைப்பார். முளைக்கீரை 25, 30 நாளில் பிடுங்க வந்துவிடும், ஆகவே எப்போதும் ஒரு துண்டு தயாராக இருக்கும். வேலியோரம் முருங்கை இரண்டு, பப்பாசி இரண்டு, கறிவேப்பிலை, தேசி ஒவ்வொன்று. குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழையும் பொன்னாங்காணியும் வல்லாரையும். வெண்டி 45, 50 நாளில் காய்க்கத் தொடங்கும், பயற்றை அதற்குச் சற்றுப் பின்னால்.

கீரையைப் பற்றி இன்னொரு வார்த்தை. எங்கள் பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அதோடு தேசிப்புளி சேர்ப்பது உதவும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் அந்தச் சத்துச் சேர்வது குறையும். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத் தான் தின்னும் பழக்கத்தை நாங்கள் கொஞ்சம் கைவிட வேண்டும்.

கார்த்திகையும் மார்கழியும்: காவல்

இந்த இரண்டு மாதமும் நடுவதை விடக் காப்பதே வேலை. மழை விட்டவுடன் வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கரைந்த பாத்திக்கு மண் அணையுங்கள். செடியின் அடியைக் காய்ந்த சருகாலோ வைக்கோலாலோ மூடினால் மழைத்துளி மண்ணைக் கிளறாது, களையும் குறையும்.

பூச்சிக்கு முதல் மருந்து எங்கள் கண்தான். காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அழுக்கணவன் தெரிந்தால் ஆரம்பத்திலேயே சாம்பல் தூவலாம். வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். மஞ்சள் நிறத் தகரத்தில் கிறீஸ் பூசித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும். இலை சுருண்டு குறளிப்போன மிளகாய்ச் செடிக்கு இரக்கம் பார்க்க வேண்டாம். பிடுங்கிப் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துச் செடிக்கும் பரவும். பாவல், புடோல் பிஞ்சுகளைக் கடதாசிப் பையால் மூடினால் பழ ஈ குத்தாது. ஆபிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடாமல் பொலித்தீன் பையால் பிடித்து அழியுங்கள்.

கட்டாக்காலி மாட்டுக்கும் மயிலுக்கும் கரையோர ஊர்களில் பழைய மீன்வலையை வேலியில் கட்டுகிறார்கள், நன்றாகப் பயன்படுகிறது. குரங்குக்கு முழுமையான பரிகாரம் எவரிடமும் இல்லை. குரங்கு வரும் ஊர்களில் மிளகாய், பாவல், வல்லாரை, மஞ்சள் போன்றவற்றைக் கூடுதலாக வைப்பது நட்டத்தைக் குறைக்கும்.

மாரி எங்களுக்கு டெங்குக் காலமும் ஆகும். ரயர், ரின், சிரட்டை எதில் செடி வைத்தாலும் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். வெறும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்.

குனிய முடியாதவர்களுக்கு

இதை வாசிப்பவர்களில் ஒரு காலை இழந்தவர்கள் இருக்கிறீர்கள். உடம்பில் எறிகணைத் துண்டோடு வாழ்பவர்கள் இருக்கிறீர்கள். நெடுநேரம் குந்தியிருக்க உங்களால் முடியாது. உங்களுக்கு நிலத்துப் பாத்தி தேவையில்லை. பழைய உரப்பைகளை மடித்து முக்கால் பங்கு மண்ணும் எருவும் நிரப்பி, இடுப்பளவு உயரமான வாங்கிலோ கல் அடுக்கின் மேலோ வையுங்கள். ஒரு பையில் ஒரு கத்தரி அல்லது இரண்டு மிளகாய். கதிரையில் இருந்தபடியே வேலை செய்யலாம். நடுவே ஒரு துளைபோட்ட பைப்புத் துண்டைச் செருகி அதற்குள் தண்ணீர் ஊற்றினால் அடிவரை இறங்கும். சக்கர நாற்காலி போக வேண்டுமென்றால் நடைபாதையை மூன்றரை அடிக்குக் குறையாமல் விடுங்கள்.

தையும் மாசியும்: விதையும் தண்ணீரும்

மழை ஓய்ந்து பனி விழும் தையில்தான் தோட்டம் உண்மையில் செழிக்கும். அப்போது செய்ய மறக்கும் வேலை விதை எடுப்பது. கடைசியாக மிஞ்சிய சூம்பல் காயில் விதை எடுக்காதீர்கள். நடுப்பருவத்தில், நோயில்லாத நல்ல செடியில், நல்ல காய் ஒன்றுக்கு நூல் கட்டிவிடுங்கள். கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுத்த பின் விதையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெண்டியும் பயற்றையும் செடியிலேயே காயட்டும். நன்றாகக் காய்ந்த பின் சாம்பலில் புரட்டி, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு, மாதத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

மாசிக்குப் பிறகு தண்ணீர் சுருங்கும். கிணறு உவராகும் ஊர்களில் மாரிப் பயிரோடு நிறுத்திக்கொண்டு முருங்கை, பப்பாசி, கறிவேப்பிலை போன்ற நின்று பயன் தருபவற்றைக் காப்பாற்றினால் போதும். மற்ற ஊர்களில் நான்கைந்து செடிகளை மட்டும் தெரிந்து, அடிக்குச் சருகு போட்டு, முகம் கை கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள். அடுத்த வருடம் கத்தரி, மிளகாய், தக்காளியை அதே பாத்தியில் வைக்காமல் இடம் மாற்றுங்கள். வாடல் நோய் மண்ணில் தங்கியிருக்கும்.

கடனும் கணக்கும்

வீட்டுத்தோட்டத்துக்கென்று கடன் எடுக்க வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து. செடி காய்க்க இரண்டு மாதம் செல்லும். கிழமைத் தவணை ஏழாம் நாளே வாசலில் வந்து நிற்கும். இரண்டு கணக்கும் ஒருபோதும் பொருந்தாது. எவராவது, என்னைப் போன்ற ஓர் அலுவலராகவே இருந்தாலும், வருமான அட்டவணை காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். விதை எந்த மாதம் வரும்? வெள்ளம் வந்தால் நட்டம் யாருக்கு? விளைந்ததை யார், என்ன விலைக்கு வாங்குவார்? பதில் இல்லாவிட்டால் கையொப்பம் வைக்காதீர்கள். பிந்தி வந்த விதையை ஆச்சியைப் போல எடுத்து வைத்திருந்து உரிய காலத்தில் போடுங்கள். அதற்காக உங்களை எவரும் குறை சொல்ல முடியாது.

பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, தோட்டத்தில் பறித்ததையும் அன்று கடையில் அதன் விலையையும் எழுதி வாருங்கள். அக்கா 2019 தொடக்கம் எழுதுகிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் கடைகள் பூட்டிய நாட்களில் அவருடைய வீட்டில் கறியில்லாத நாள் இல்லை என்பது அந்தக் கொப்பியில் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த மாதப் பக்கத்தில் அவர் அரிசி, மா, சீனி, பருப்பு என்று வாங்கியவற்றையும் எழுதியிருக்கிறார். மரக்கறி என்ற சொல் செலவுப் பக்கத்தில் இல்லை.

தேவைக்கு மேல் விளைந்தால் விற்கலாம். ஆனால் தனித்தனியே ஒரு கிலோ, அரைக் கிலோ கொண்டுபோனால் வியாபாரி சொன்னதே விலை. ஐந்தாறு பேர் சேர்ந்து கொண்டுபோனால் பேசலாம். மாதர் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு விதையைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்குங்கள். அதற்குத் திட்டமோ நிதியோ தேவையில்லை.

கடைசியாக

தோட்டம் மனத்துயரைத் தீர்க்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் தொடங்கிய நாளில் இருந்து அதற்குப் போய்வந்த ஓர் அம்மா எனக்குத் தெரியும். விடியப்புறம் எழுந்து கீரைக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். "மகன் வந்தால் அவனுக்கு முருங்கையிலைச் சுண்டல் விருப்பம்" என்று ஒருநாள் சொன்னார். முருங்கை அவருடைய கேள்விக்குப் பதில் தராது. பதில் தர வேண்டியவர்கள் வேறு. ஆனால் இரவு வீடு திரும்பும்போது சமைக்க ஏதோ இருக்கிறது என்பதும் ஒரு மனுசிக்குச் சின்ன விடயம் அல்ல.

என் தாயும் 2009இல் செட்டிகுளம் முகாமில் குளிக்கும் தண்ணீர் வடிந்த இடத்தில் முளைக்கீரை போட்டார். அப்போது எனக்குப் பதினேழு வயது. இந்தக் கூடாரத்தடியில் கீரை எதற்கு என்று அவரோடு சண்டை பிடித்தேன். அம்மா பதில் சொல்லவில்லை. மாதம் முடிய முன்னர் நாங்கள் அந்தக் கீரையைத் தின்றோம்.

கண்டாவளை அக்கா தனது கடனின் கடைசித் தவணையைக் கட்டி முடிக்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. தோடு இன்னும் மீட்கப்படவில்லை. மகளுக்கு ஒன்று வாங்கிய பிறகுதான் தனக்கு என்கிறார். போன ஆவணியில் நான் போனபோது புதிதாகக் குடிவந்த ஒரு பிள்ளைக்குப் பாத்தி போடக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கும் ஒரு சிறு போத்தல் தந்தார். ஊதாக் கத்தரி விதை. மேலே ஒட்டிய துண்டில் "தை" என்றும் வருடமும் எழுதியிருந்தது. அதன் கீழே, சிரித்துக்கொண்டே எழுதினாரோ தெரியாது, "புரட்டாதியில் போடவும், பிந்த வேண்டாம்" என்று இருந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு வெற்று ரின் இருக்கும். இன்று மாலை வெய்யில் தாழ்ந்ததும் அதன் அடியில் ஆணியால் நான்கு துளை போட்டு வையுங்கள். நாளைக்கு மண்ணைப் பார்ப்போம்.